கருத்துப் படிவமும் மாணவர் அடையாளமும்: திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகளை முன்வைத்து

பருவத்தின் கடைசி வாரங்களில் பாடத்தையும் ஆசிரியரையும் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடும் சில கேள்விகள், அடியில் மூன்று நான்கு வரி எழுத இடம். ஃபீட்பேக் ஃபார்ம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பாடம் முழுவதும் நடத்தப்பட்டதா, விளக்கம் புரிந்ததா, தேர்வுத்தாள் உரிய நேரத்தில் திருத்திக் கொடுக்கப்பட்டதா என்பதையெல்லாம் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும். ஆனால் யாரைப் பற்றிச் சொல்லவேண்டுமோ அவர் கையில்தான் சொல்கிறவரின் மதிப்பெண் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி எழுத்துத்தேர்வுப் பாடம் ஒன்றில் நூற்றுக்கு 40 மதிப்பெண் உள்மதிப்பீட்டுக்கு உரியது. கலை, அறிவியல் கல்லூரிகளில் பரவலாக 25. ‘இன்டர்னல்ல கை வச்சிருவாங்க’ என்ற ஒரு பேச்சு வகுப்பில் பரவினால் போதும், எல்லாப் படிவத்திலும் ஐந்துக்கு ஐந்து விழும். அந்தப் பேச்சு உண்மையா, வெறும் வதந்தியா என்பதால் விளைவு மாறுவதில்லை. எழுதியவர் யார் என்பது தெரியாது என்ற நம்பிக்கை இல்லாத வகுப்பில் திரட்டப்படும் எண்கள் ஆசிரியரைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சிறுமலை அடிவாரத்திலிருந்து திண்டுக்கல் நகரம் வரையிலான சமவெளியில் இந்தச் சிக்கலின் பல வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சின்னாளபட்டிக்கு அருகே உள்ள காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டு 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பாடத்திட்டம், தேர்வு, மதிப்பீடு எல்லாம் அதன் பொறுப்பிலேயே நடக்கின்றன. திண்டுக்கல் நகரில் உள்ள எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கலைக் கல்லூரிகள் பல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை, பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தை. அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரி ஒன்று ரெட்டியார்சத்திரத்தில் இருக்கிறது. டவுன் பஸ் போகும் தூரத்துக்குள் நான்கு பல்கலைக்கழகங்களின் விதிகள். அறுபது பேர் உட்காரும் வகுப்பும் உண்டு, பத்துப் பன்னிரண்டு பேரோடு நடக்கும் முதுகலை வகுப்பும் உண்டு. ஊரும் சிறியது. ஆசிரியரும் மாணவரும் அடுத்தடுத்த தெருக்காரர்களாக இருக்கலாம். மாணவியின் தந்தையும் துறைத்தலைவரும் ஒரே கடைக்கு வாடிக்கையாக இருக்கலாம். பெருநகரத்தில் கூட்டமே ஓர் ஆளை மறைத்துவிடும். இங்கே அந்த மறைப்பைக் கல்லூரிதான் உண்டாக்கித் தரவேண்டும்.

ஆசிரியரை மாணவர் மதிப்பிடும் ஏற்பாடு 1920களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருப்பெற்றது. பர்டூ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஹெர்மன் ரெம்மர்ஸ் அதற்கென அளவுகோல் ஒன்றை வகுத்தார். இந்தியாவில் 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, திறந்த, பங்கேற்புள்ள, தரவு சார்ந்த ஆசிரியர் மதிப்பீட்டு முறை வேண்டும் என்றது. 1994இல் அமைந்த தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, அதாவது ‘நாக்’, கல்லூரிகளின் தரத்தை அளக்க மாணவர் கருத்தையும் ஓர் அளவீடாக எடுத்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை இன்னும் ஒருபடி மேலே போய், ஆசிரியரின் பணி உறுதி, பதவி உயர்வு, சம்பள உயர்வு ஆகியவற்றுக்கான அளவுகோல்களில் மாணவர் மதிப்புரையையும் சேர்க்கச் சொல்கிறது. படிவம் ஆசிரியருக்குச் சொல்லும் யோசனையாக மட்டும் இருந்தவரை, எழுதியவர் யார் என்று துருவ அவருக்குப் பெரிய காரணம் இல்லை. அது வேலையையும் சம்பளத்தையும் தொடத் தொடங்கினால் காரணம் வந்துவிடுகிறது.

இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. ஒன்று பெயரறியாமை: எழுதியவர் யார் என்பது எவருக்குமே தெரியாது, பிறகு தேடினாலும் கிடைக்காது. மற்றது இரகசியக் காப்பு: யார் எழுதியது என்பது ஒருவருக்கோ ஓர் அலுவலகத்துக்கோ தெரியும், ஆனால் அது வெளியே சொல்லாது. முன்னதில் காவல் இருப்பது படிவத்தின் அமைப்பில். பின்னதில் காவல் இருப்பது ஒரு மனிதரின் வாக்கில். கல்லூரிகள் பல ‘உங்கள் விவரம் இரகசியமாக வைக்கப்படும்’ என்று படிவத்தின் தலையில் அச்சிட்டுவிட்டு, அதற்குக் கீழேயே பதிவு எண்ணைக் கேட்கின்றன. இரகசியம் காப்பவர் யார், எவ்வளவு காலத்துக்கு, யார் கேட்டால் தரமாட்டார் என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. மாணவர் அந்த வரியை நம்பாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

பெயரையும் தாளையும் பிரிக்கும் வித்தை நம் பல்கலைக்கழகங்களுக்குத் தெரியாததல்ல. தேர்வு விடைத்தாளில் பல்லாண்டுகளாக அதைத்தான் செய்துவருகின்றன. மாணவர் முதல் பக்கத்தில் பதிவு எண்ணை எழுதுகிறார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அந்தப் பகுதி கிழித்தெடுக்கப்படுகிறது. இரண்டு துண்டுகளிலும் ஒரே டம்மி எண்ணோ பார்கோடோ இருக்கும். திருத்தும் மையத்துக்குப் போகும் தாளில் ஊரும் இல்லை, கல்லூரியும் இல்லை, ஆளும் இல்லை. விடைத்தாளில் பெயரையோ, ஊரையோ, சாமி பெயரையோ, வேறு ஏதாவது அடையாளக் குறியையோ எழுதக்கூடாது என்று மாணவருக்கும் எச்சரிக்கை உண்டு. மதிப்பெண் பதிவான பிறகுதான் இரண்டு துண்டும் மீண்டும் சேரும். ஒரு மதிப்பெண்கூடச் சாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக அச்சகம், கட்டுக்காப்பறை, முத்திரையிட்ட உறை, தனிப் பணியாளர்கள் என்று இவ்வளவு ஏற்பாடு.

அதே மாணவர் மதிப்பிடுபவராக மாறும்போது இந்த ஏற்பாட்டில் ஒன்றுகூட உடன் வருவதில்லை. உண்மையில் கருத்துப் படிவத்தின் வேலை விடைத்தாளை விட எளிது. விடைத்தாளில் பிரித்த பெயரைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். படிவத்தில் சேர்க்கவே தேவையில்லை. யாரெல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டால் போதும். வாக்குச்சாவடியில் நடப்பதும் இதுவே: பெயர்ப் பட்டியலில் ஒரு கோடு, பெயரில்லாத வாக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே எந்த நூலும் இல்லை.

அந்த நூல் அறுபடாமல் கிடக்கும் இடங்கள் பல. தாள் படிவத்தில் முதல் இடம் கையெழுத்து. ஒரு பருவத்தில் இரண்டு இன்டர்னல் தேர்வும் சில அசைன்மென்ட்டும் திருத்திய ஆசிரியருக்கு, ழகரத்தின் வாலை யார் எப்படி இழுப்பார், யார் பச்சை மையில் அடிக்கோடு போடுவார் என்பது மனப்பாடம். அடுத்தது வாங்கும் விதம். வகுப்புப் பிரதிநிதி வரிசை வரிசையாக வாங்கி அடுக்கினால் அந்த அடுக்கே இருக்கை வரிசை. பதிவு எண் வரிசையில் கூப்பிட்டு வாங்கினால் அது வருகைப்பதிவேடு. மதிப்பிடப்படும் ஆசிரியரே மேசைக்கு எதிரில் நின்று வாங்கினால் மேலே சொல்ல ஒன்றுமில்லை. கையால் எழுதிய கருத்துகளை வேறொரு அலுவலகத்தில் தட்டச்சு செய்து, அந்தத் தட்டச்சுப் படியை மட்டும் துறைக்கு அனுப்புவதும், படிவங்களை மூடிய பெட்டியில் போடச் சொல்லிக் கலைத்து எடுப்பதும் செலவில்லாத வேலைகள். முடிந்தவரை வட்டமிடும் கேள்விகளாகவே வைப்பதும் அப்படித்தான்.

கொரோனா காலத்துக்குப் பிறகு தாளின் இடத்தைக் கூகுள் ஃபார்ம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கையெழுத்துப் பிரச்சினை தீர்ந்தது, வேறொன்று வந்தது. படிவத்தை அமைக்கும்போது மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதி திறந்திருந்தால், கல்லூரி தந்த முகவரி ஒவ்வொரு பதிலோடும் ஒட்டிக்கொண்டு வரும். அதை மூடிவிட்டாலும் விடைகள் விழும் விரிதாளின் முதல் பத்தியில் ஒவ்வொரு பதிலும் வந்த நேரம் நொடி வரை பதிவாகும். மாணவர்கள் வீட்டிலிருந்து அவரவர் நேரத்தில் நிரப்பினால் அது பெரிய துப்பு அல்ல. ஆனால் ஒரு வகுப்பைக் கணினி ஆய்வகத்துக்குக் கூட்டிவந்து, பதிவு எண் வரிசையில் உட்காரவைத்து, நிரப்பியவர் எழுந்து கையெழுத்திட்டுப் போகலாம் என்று சொன்னால், அந்தக் கையெழுத்துத் தாளையும் நேரப் பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குப் பெயர்ப் பட்டியல் தேவைப்படாது. இதை எவரும் கெட்ட எண்ணத்தோடு ஏற்பாடு செய்வதில்லை. எல்லாரும் நிரப்பிவிட்டார்களா என்று பார்க்கும் அக்கறையிலிருந்துதான் இது பிறக்கிறது. விரிதாளைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது இங்கே முதற்கேள்வி. துறை ஆசிரியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் உருவாக்கப்பட்ட படிவம் என்றால் அந்த உரிமை துறைக்குள்ளேயே இருக்கிறது. பதிலை ஒருவர் ஒருமுறைதான் தரலாம் என்ற கட்டுப்பாட்டுக்காகக் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும்போது, அந்தக் கணக்கின் பெயர் படிவம் வைத்தவருக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் நுழையச் சொன்ன கணத்திலேயே மாணவர் எச்சரிக்கையாகிவிடுகிறார். மறைப்பு இருந்தால் மட்டும் போதாது, இருப்பது அவருக்குக் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

பெயர், எண், நேரம் எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் கணக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும். பத்துப் பேர் வகுப்பில் ஒன்பது பேர் நிரப்பிய அன்று சராசரி 4.0 என்று வைத்துக்கொள்ளலாம். விடுமுறையில் இருந்த ஒருவர் மறுநாள் நிரப்புகிறார், சராசரி 3.7 ஆகிறது. 36 என்றிருந்த கூட்டுத்தொகை 37 ஆகியிருக்கிறது. அந்த ஒருவர் கொடுத்தது 1. இரண்டு நாளும் சராசரியைப் பார்த்த எவரும் பேனா எடுக்காமலே இதைச் சொல்லிவிடுவார். படிவத்தில் பாலினம், தங்குமிடம், முந்தைய பருவ மதிப்பெண் அளவு என்று கேட்டுவைத்தால் இன்னும் எளிது. நாற்பது பேர் வகுப்பில் விடுதியில் தங்கும் மாணவியர் இருவர்தான் என்றால் அவர்களுக்கு மறைவிடம் இல்லை. சமூகப் பிரிவைக் கேட்கும் படிவம் இதைவிட மோசம், அது பழிக்குச் சாதியையும் சேர்த்துக் கொடுக்கிறது. அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்று விவரங்களை மட்டும் கொண்டு தனித்தனியே பிரித்தறிய முடியும் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு நாட்டுக்கே அப்படி என்றால் ஒரு முதுகலை வகுப்புக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாக்கு எண்ணிக்கையில் இதே சிக்கல் நெடுநாளாக உண்டு. தாள் வாக்குச் சீட்டுக் காலத்தில், தேவைப்பட்ட இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. மின்னணு எந்திரம் வந்ததும் சாவடி வாரியாக எண் வெளியானது, எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது தெரிந்துபோனது. பல எந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து மொத்தம் மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்வைத்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. கல்லூரிக்குள் இதற்கு நேரான வழி, சிறிய வகுப்புகளின் முடிவைத் தனியே தராமல் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத் தருவது. பிரிட்டனின் தேசிய மாணவர் கணிப்பில் பத்துப் பேருக்குக் குறைவாகவோ, வகுப்பில் பாதிக்கும் குறைவாகவோ பதிலளித்திருந்தால் அந்தப் பாடப்பிரிவின் முடிவு வெளியிடப்படுவதில்லை. திண்டுக்கல் போன்ற இடத்தில் பத்து என்ற வரம்பு வைத்தால் பல முதுகலை வகுப்புகள் விழுந்துவிடும், எனவே சேர்த்துத் தருவதே ஒத்துவரும். ஆசிரியருக்கு முடிவு தாமதமாகக் கிடைக்கும் என்ற குறை அதில் உண்டு. ஏற்கத்தக்க குறை. வரம்பைத் தாண்டிய வகுப்பிலும் ஒரு விதிவிலக்கு எழும்: எல்லாரும் ஒரே கேள்விக்கு ஒன்று போட்டிருந்தால் சராசரியே ஒவ்வொருவரின் பதிலையும் சொல்லிவிடும்.

எண்களை விடச் சொற்கள் ஆபத்தானவை. சிறுமலையின் மேலுள்ள ஊர்களிலிருந்து திண்டுக்கல்லுக்குப் படிக்க இறங்கி வருகிற ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பஸ் தாமதமானால் முதல் மணி நேர வகுப்பு அவருக்குப் போய்விடும். ‘முதல் பீரியடில் டெஸ்ட் வைக்காதீர்கள், மலையிலிருந்து வரும் பஸ் ஒன்பதரைக்குத்தான் வருகிறது’ என்று அவர் எழுதினால், சொன்ன விஷயம் முழு நியாயம், பெயர் எழுதாமலே பெயர் எழுதியதும் ஆகிவிட்டது. மலையிலிருந்து வருபவர் அந்த வகுப்பில் அவர் ஒருவரே. ஆங்கிலத்தில் எழுதும் வகுப்பில் தமிழில் எழுதுபவர், ‘என் அம்மா காலமான வாரத்தில்’ என்று தொடங்குபவர், அரியர் வைத்திருப்பதைக் குறிப்பிடுபவர் எல்லாருக்கும் இதுவே நிலை. துறைக்கு வெளியே உள்ள ஒருவர் கருத்துகளை முதலில் படித்து, ‘வெளியூர் மாணவர்களுக்கு முதல் மணி நேரத் தேர்வு இடைஞ்சல்’ என்று பொருள் கெடாமல் மாற்றித் தரவேண்டும். இதற்கு நேரமும் மொழிப் பக்குவமும் வேண்டும், மென்பொருளிடம் விட்டுவிடக்கூடிய வேலையல்ல. படிவத்திலேயே ‘உங்களை அடையாளம் காட்டும் விவரங்களை எழுத வேண்டாம்’ என்ற ஒரு வரி இருந்தால் பாதி வேலை குறையும். விடைத்தாளில் அந்த வரி இருக்கிறது.

முடிவை எப்போது கொடுப்பது என்பதும் மறைப்பின் ஒரு பகுதி. உள்மதிப்பீட்டு மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே படிவம் ஆசிரியர் கைக்கு வந்தால் மற்றக் காவல்கள் எல்லாம் வீண். பருவத் தேர்வு முடிவு வெளிவந்த பிறகே தருவது பாதுகாப்பான முறை.

‘நாக்’ 2017இல் திருத்திய வரைமுறையில் மாணவர் கருத்து இரண்டு வழியாக வருகிறது. ஒன்று மாணவர் திருப்திக் கணிப்பு. கல்லூரி தன் மாணவர்களின் பெயரையும் தொடர்பு விவரங்களையும் குழுவிடம் தருகிறது, குழு நேரடியாக மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. இருபது கொள்குறிக் கேள்விகள், இருபத்தோராவதாக யோசனை எழுத இடம். கல்லூரி என்றால் மாணவர் தொகையில் பத்து விழுக்காடு அல்லது 100 பேர், பல்கலைக்கழகம் என்றால் பத்து விழுக்காடு அல்லது 500 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பதிலாவது வரவேண்டும். ஆசிரியரையும் துறையையும் தாண்டி, வெளியே உள்ள ஒரு குழு நேரே கேட்பது நல்ல அமைப்பு. ஆனால் அந்த மின்னஞ்சல் கல்லூரியின் கணினியிலேயே, பொறுப்பாளர் பின்னால் நிற்கத் திறக்கப்பட்டால் அந்த நன்மை கரைந்துவிடும்.

இரண்டாவது வழியில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. பாடத்திட்டம் பற்றி மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், முன்னாள் மாணவர் ஆகியோரிடம் கருத்துத் திரட்டி, ஆராய்ந்து, நடவடிக்கை எடுத்து, அதைக் கல்லூரி இணையதளத்தில் வெளியிட்டால் முழு மதிப்பு. திரட்டியதற்குச் சான்றாக நிரப்பிய படிவங்களின் மாதிரியும் கேட்கப்படுகிறது. சான்று சேர்க்கும் அவசரத்தில், பெயர், பதிவு எண், சில இடங்களில் கைபேசி எண், கையொப்பம் ஆகியவற்றோடு நிரப்பிய படிவங்களை அப்படியே ஸ்கேன் செய்து பொதுத்தளத்தில் ஏற்றும் கல்லூரிகள் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. தேடுபொறியில் தன் பெயரைத் தட்டும் பழைய மாணவி, இரண்டாம் ஆண்டில் தன் ஆசிரியருக்குத் தான் இட்ட மதிப்பெண்ணை அங்கே பார்க்கலாம். வேலைக்கு எடுப்பவரும் பார்க்கலாம். திரட்டியதற்குச் சான்றாகத் தொகுப்பறிக்கையும் வெற்றுப் படிவமும் போதும். நிரப்பிய தாளை ஆய்வுக் குழு நேரில் வரும்போது காட்டலாம்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமலில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகளும், எந்த நோக்கத்துக்காகத் தரவு வாங்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், போதிய பாதுகாப்பு செய்ய வேண்டும் என்கின்றன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர விதிகள் 18 மாத அவகாசம் தருகின்றன. இந்தச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரே வரும் முதலாண்டு மாணவர் பலருக்கு வயது 17. அவர்களின் பெயரோடு கருத்து வாங்கும் கல்லூரிக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. பெயரே வாங்காத கல்லூரிக்கு அந்தச் சுமையும் இல்லை.

இன்னொரு தீர்ப்பு இந்தப் பொருளுக்கு நேரே பொருந்துகிறது. திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவர் பெறலாம் என்று 2011 ஆகஸ்ட் 9 அன்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் திருத்தியவரின் பெயர், கையொப்பம், அவரைக் காட்டும் எந்தக் குறியும் நீக்கப்பட்ட பிறகே தரவேண்டும் என்றது. மதிப்பெண்ணால் மனம் கசந்தவர் திருத்தியவருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதே அதற்கான காரணம். 2016இல் கேரளப் பணியாளர் தேர்வாணைய வழக்கிலும் அதே நிலைப்பாடு. மதிப்பிடுபவர் பாதுகாப்பாக இருந்தால்தான் மதிப்பீடு நேர்மையாக இருக்கும் என்ற இந்த நியாயம், மதிப்பிடுபவர் மாணவராக இருக்கும்போது இன்னும் வலுவாகப் பொருந்தும். மதிப்பிடப்படுபவரின் கையில்தான் அப்போது அதிகாரம் இருக்கிறது.

ஆசிரியர் தரப்பிலும் நியாயமான கவலைகள் உண்டு. அரசுக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளருக்கும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கும் வேலை நிரந்தரமில்லை. கண்டிப்பாகத் தாள் திருத்தியதற்காகக் குறைந்த மதிப்பெண் வாங்கி, அதனால் அடுத்த ஆண்டு கூப்பிடப்படாமல் போகலாம் என்று அவர் அஞ்சினால் அது கற்பனையல்ல. டொரன்டோவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் வில்லியம் கப்லன், பதவி உயர்வுக்கும் பணி உறுதிக்கும் கற்பித்தல் திறனை அளக்க மாணவர் மதிப்பீட்டுச் சராசரியைப் பயன்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தார். இந்த அநீதிக்கு மருந்து மாணவரின் பெயரைத் திறப்பதில் இல்லை. எண்ணுக்குக் கொடுக்கும் கனத்தைக் குறைப்பதிலும், வசையையும் உடல் தோற்றம் பற்றிய கேலியையும் ஆசிரியரிடம் போகுமுன் நீக்குவதிலும் இருக்கிறது. ஆசிரியரின் வேலை ஒரு படிவத்தில் தொங்காதபோது எழுதியவரைத் தேடும் தேவையும் தளரும்.

மறைப்பு உதவாத இடமும் ஒன்று உண்டு. பாலியல் தொல்லை, அடி, மிரட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை சில நேரம் இந்தப் படிவத்தின் கடைசி வரியில்தான் முதன்முதலாக எழுதப்படுகின்றன. பெயரில்லாத படிவத்தில் வந்தால் உதவி செய்ய ஆளைத் தேட முடியாது, தேடினால் மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கு உடையும். ஆகவே படிவத்திலேயே, இத்தகைய புகாருக்கு உரிய இடம் எது, யாரைப் பார்க்கலாம் என்று தமிழில் தெளிவாக இருக்கவேண்டும். பாலியல் தொல்லைப் புகார் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவுக்கு உரியது. அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு புகார்தாரரின் பெயரையோ புகாரின் உள்ளடக்கத்தையோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. அப்படி ஒரு வரி படிவத்தில் வந்தே விட்டால், எழுதியவரைத் தேடாமல், குறிப்பிட்ட வகுப்பு முழுவதையும் உள்ளகக் குழுவின் உறுப்பினர் சந்தித்து வழியைச் சொல்வது ஒன்றே இரண்டையும் காக்கும்.

முனைவர் பட்ட ஆய்வாளருக்கு இந்த முறைகள் எதுவும் ஒத்துவராது. நெறியாளரிடம் இரண்டு பேர் ஆய்வு செய்கிறார்கள் என்றால் அவரைப் பற்றி வரும் கருத்துக்கு இரண்டே ஊற்று. அங்கே பெயரறியாமை என்று சொல்வது ஆய்வாளரை ஏமாற்றுவதாகும். நெறியாளர் இல்லாத நேரத்தில் ஆய்வாளரோடு பேசும் கடமையை ஆய்வுக் குழுவில் உள்ள வெளி உறுப்பினருக்குத் தருவதும், பட்டம் பெற்றுப் போன பிறகு கேட்பதும் அங்கே செய்யக்கூடியவை.

கடைசியாக, நிரப்பிய படிவம் எங்கே போகிறது என்பது. ‘நாக்’ சுற்று ஐந்தாண்டு என்பதால் கட்டுக் கட்டாகப் படிவங்கள் துறை அலமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. பூட்டுக்குப் பேர்போன ஊரில் அந்த அலமாரிக்குப் பெரும்பாலும் பூட்டு இருப்பதில்லை. சுற்று முடிந்ததும் விடைத்தாளைப் போல் எண்ணிக் கிழித்து அழிப்பதற்குப் பதில், கட்டாகவே பழைய பேப்பர் கடைக்குப் போவதும் உண்டு. தொகுப்பறிக்கை உறுதியானதும் மூலப் படிவங்களைத் துறையிலிருந்து எடுத்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் காப்பறையில் வைத்து, குறித்த தேதியில் விடைத்தாள்களோடு சேர்த்து அழித்து, அழித்த தேதியைப் பதிவேட்டில் எழுதலாம். விரிதாளில் நேரப் பத்தியையும் மின்னஞ்சல் பத்தியையும் அன்றே நீக்கிவிடலாம், நீக்கிய படியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இணையதளத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட ஸ்கேன் கோப்புகளைக் கழற்ற ஒரு பிற்பகல் போதும்.